கறுத்த சுவர், ஈர வீடு: ரங்கூன் மழைக்காலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் வீடு மராமத்து வேலை எடுத்துச் செய்கிறவன் நான். வைகாசியில் மழை பிடித்துக்கொண்டால் ஐப்பசி வரை என் கைத்தொலைபேசிக்கு வருகிற படங்களில் பாதி, கறுத்த சுவர்களின் படங்கள்தான். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "அண்ணா, இது அந்த விஷப் பூஞ்சணமா?" பெகுவிலிருந்தும் மோல்மீனிலிருந்தும் கேட்கிறார்கள், கோவில் வாசலில் செருப்பு மாட்டும்போதும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் இதை எழுதி வைக்கிறேன்.

ரங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வது ஏறக்குறைய இதில் பாதி. மோல்மீனில் 4,500 மில்லிமீட்டரையும் தாண்டும். அநேகமாக அத்தனையும் மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பர்மிய மொழியில் மழை 'மோ', பூஞ்சணம் 'ஹ்மோ'. நம் காதில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழுகின்றன. இந்த ஊரில் அது பொருத்தமாகவும் இருக்கிறது.

சுவரில் கறுப்பாகப் பூத்திருக்கிறது. இது விஷப் பூஞ்சணமா?

நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. கறுப்பாக வளரும் பூஞ்சணங்கள் பல. குளியலறை மூலையிலும் ஜன்னல் சட்டத்திலும் புள்ளி புள்ளியாக வருவது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம் வகை, இல்லாவிட்டால் ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர், ஆல்டர்னேரியா. 'விஷம்' என்று பெயர் வாங்கிக்கொண்டது ஸ்டாக்கிபோட்ரிஸ் சார்ட்டாரம் என்ற ஓர் இனம்.

அந்த இனத்துக்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, காகிதம், அட்டை, ஜிப்சம் பலகையின் மேல் ஒட்டியிருக்கும் காகிதம், சணல், வைக்கோல் போன்ற நார்ப்பொருள். மற்றொன்று, அந்தப் பொருள் நாட்கணக்கில் ஊறிக் கிடப்பது. காற்று ஈரமாக இருப்பது மட்டும் அதற்குப் போதாது. ஈரத்தில் தொட்டால் கொழகொழவென்று கரும்பச்சையாக இருக்கும், காய்ந்தால் கரித்தூள்போல் ஆகிவிடும். ஆகவே பழைய கட்டடத்துச் சிமெண்டுச் சுவரில் புள்ளிகள் என்றால் அது இதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. புதிய அடுக்குமாடி வீட்டில் ஒழுகி ஊறிய ஜிப்சம் பொய்க்கூரையில் கரும்பச்சை வட்டம் என்றால் சந்தேகப்படலாம். எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். அதனால்தான் பெயரைக் கண்டுபிடிப்பதில் நான் அதிக நேரம் செலவழிப்பதில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில் செலவழிக்கிறேன்.

2021இல் இந்தியாவில் கொரோனாவோடு வந்த 'கருப்புப் பூஞ்சை' நோய் இதுதானா?

இல்லை. ஊரிலிருந்து உறவினர்கள் அனுப்பிய செய்திகளால் இந்தக் குழப்பம் இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது. அந்த நோயின் பெயர் மியூகோர்மைகோசிஸ். அதை உண்டாக்கும் ரைசோபஸ் போன்றவை வேறு குடும்பம். நோய் தாக்கிய தசை செத்துக் கறுத்துப்போவதால்தான் அந்தப் பெயர் வந்தது, பூஞ்சை கறுப்பு என்பதால் அல்ல. சர்க்கரை கட்டுக்கு அடங்காதவர்களையும் ஸ்டீராய்டு மருந்து அதிகம் எடுத்தவர்களையும் அது பிடித்தது. குளியலறைச் சுவரின் புள்ளியைப் பார்த்து அந்த நோயை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

பிறகு 'விஷம்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

1837இல் பிராக் நகரத்து வீடு ஒன்றின் சுவர்க்காகிதத்தில் இருந்த இந்தப் பூஞ்சணத்தை ஆகஸ்ட் கோர்டா என்ற அறிஞர் முதன்முதலில் விவரித்தார். நூறு ஆண்டுகள் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1930களில் உக்ரைனில் பூஞ்சணம் பிடித்த வைக்கோலைத் தின்ற குதிரைகள் கூட்டமாக நோயுற்றுச் செத்தபோதுதான் அதில் நச்சு இருப்பது தெரிந்தது. 1990களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தக் கசிவு ஏற்பட, வீட்டுப் பூஞ்சணத்தின் மேல் பழி விழுந்தது. பத்திரிகைகளும் வழக்கறிஞர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த ஆய்வுகளை மறுபடி பார்த்துவிட்டு, தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு முதல் செய்தியைப்போல ஊர் ஊராகப் பரவவில்லை.

குதிரை மூட்டை மூட்டையாகத் தின்றதும் மனிதர் சுவரோரம் மூச்சு இழுப்பதும் ஒன்றல்ல.

அப்படியானால் உடம்புக்கு ஒன்றும் செய்யாதா?

செய்யும். ஆனால் திகில் கதைகளில் வருவதுபோல் அல்ல. மூக்கு ஒழுகல், தும்மல், கண் அரிப்பு, இருமல், இழுப்பு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கூடிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றி வெளியிட்ட வழிகாட்டியில், 'இவ்வளவு வரை பாதுகாப்பு' என்று ஓர் அளவைக் குறிக்க முடியாது, ஈரத்தையே தடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மூச்சுக்கோளாறால் இறந்தது. வீட்டில் நீண்ட காலம் இருந்த பூஞ்சணமே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். ஆகவே அலட்சியமும் கூடாது. கைக்குழந்தை, முதியவர், புற்றுநோய் மருந்து எடுப்பவர், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் இருக்கும் வீட்டில் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

நம் நாட்டுக்கென்று இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். மியான்மரில் காசநோய் அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் 'சுவர்தான் காரணம்' என்று நீங்களே முடிவு கட்டாமல் முதலில் சளியைச் சோதித்துப் பாருங்கள். பூஞ்சணம் காசநோயை உண்டாக்காது. ஆனால் காசநோய் வந்து ஆறிய நுரையீரலில் குழிவு இருந்தால், அதற்குள் ஆஸ்பெர்ஜில்லஸ் குடியேறிப் பந்துபோல் வளர்வது உண்டு. முன்பு காசநோய் வந்தவர் சளியில் இரத்தம் கண்டால் மருத்துவரிடம் அந்தப் பழைய கதையையும் சொல்ல வேண்டும். அவரைக் கொண்டு பூஞ்சணச் சுவரைச் சுரண்ட வைப்பது வேண்டவே வேண்டாம்.

அழுக்கா, பூஞ்சணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு துளி ப்ளீச் தண்ணீரை வைத்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். கறுப்பு வெளுத்தால் பூஞ்சணம். அப்படியே இருந்தால் அழுக்கு அல்லது புகைக்கரி. சாமி அலமாரிக்கு மேலே விளக்குப் புகையும் ஊதுபத்திப் புகையும் படிந்த கரியைப் பூஞ்சணம் என்று நினைத்து என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. வெள்ளையாகப் பஞ்சுபோல் இருந்தால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கரைந்து மறைந்தால் அது சிமெண்டிலிருந்து வெளிவந்த உப்பு. உப்பு பூத்த சுவரும் நல்ல செய்தி அல்ல, அதற்குள்ளும் தண்ணீர் நடமாடுகிறது.

ஒன்றும் தெரியவில்லை, ஆனால் வீட்டில் மண்வாடை அடிக்கிறது. எங்கே தேடுவது?

கண்ணில் படாத இடங்களில். பீரோவுக்குப் பின்னால், மெத்தையின் அடிப்பக்கம், கழுவுதொட்டிக்குக் கீழே, பிளைவுட் தடுப்பின் அடிவிளிம்பில், சுவரோடு ஒட்டி அடுக்கிய அட்டைப்பெட்டிகளில்.

சட்டம் போட்ட படங்களையும் மறக்காதீர்கள். சென்ற ஆண்டு ஒரு வீட்டில் முன்னறை முழுக்கத் தேடியும் வாடைக்குக் காரணம் கிடைக்கவில்லை. சுவர் நன்றாகவே இருந்தது, புதுப் பெயிண்டும் அடித்திருந்தார்கள். வீட்டுப் பெரியம்மாவிடம் அனுமதி கேட்டு மீனாட்சியம்மன் படத்தை ஆணியிலிருந்து கழற்றினேன். கண்ணாடிக்குப் பின்னே இருந்த அட்டை ஊறி, அப்பளம்போல் வளைந்து, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பச்சையாக மினுங்கியது. விரல் நுனியால் தொட்டால் வழுக்கியது. சுவரில் படத்தின் அளவுக்கு ஒரு சதுரம், அதன் நான்கு ஓரமும் கோடு போட்டதுபோல் கறுத்திருந்தன. சுவரிலிருந்து கசிந்த ஈரம் மற்ற இடங்களில் காற்றில் உலர்ந்துபோயிருக்கிறது. படம் மூடியிருந்த இடத்தில் மட்டும் போக வழியில்லாமல் அட்டைக்குள் இறங்கியிருக்கிறது. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மன் தாள் மட்டும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு தப்பியிருந்தது. புது அட்டை போட்டு, நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி, சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் அளவு இடைவெளி விட்டு மாட்டிக் கொடுத்தேன். கசிவை அடைத்தது தனி வேலை.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான், குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான்.

முதலில் கறை இருக்கும் இடத்தைப் பாருங்கள். தரைத்தளத்தில் அடியிலிருந்து இடுப்பளவு வரை ஏறியிருந்தால் மண்ணிலிருந்து உறிஞ்சிய ஈரம். கூரையிலோ சுவரின் மேல்பகுதியிலோ பழுப்பு விளிம்போடு வட்டமாக இருந்தால் ஒழுக்கு: மேல்வீட்டுக் குளியலறை, மொட்டைமாடி வெடிப்பு, தகரக் கூரையின் ஆணித் துளை. மூலைகளிலும் பீரோவுக்குப் பின்னாலும் பரவலாகப் புள்ளிகள் என்றால் காற்றோட்டம் இல்லாமல் நீராவி சுவரில் படிகிறது என்று பொருள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளை ஒரு அடிச் சதுரமாக வெட்டி, கறையின் பக்கத்தில் நான்கு விளிம்பையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். அறைப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் அறைக்காற்றிலிருந்து வருகிறது. சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. காசில்லாத சோதனை. இதைச் செய்யாமல் பெயிண்டுக்குச் செலவழித்தவர்களின் காசில் ஒரு சின்ன வீடே கட்டியிருக்கலாம்.

மூன்றாம் மாடி வீடு ஒன்று நினைவுக்கு வருகிறது. மூன்று ஆண்டில் மூன்று தடவை பெயிண்ட் அடித்தும் பின்னறைச் சுவர் கறுத்துக்கொண்டே இருந்தது. மழை இல்லாத மாசி மாதத்திலும் நிற்கவில்லை. மேல்வீட்டுக் குளியலறையைக் குற்றம் சொல்லி இரண்டு குடும்பமும் பேச்சை நிறுத்தியிருந்தன. நான் போன காலையில் சுவர் குளிர்ந்து நனைந்திருந்தது. அன்று மாலை வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது தொட்டுப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. குளியலறை ஒழுக்கு என்றால் குளிக்கிற நேரத்துக்குப் பிறகல்லவா ஈரம் கூடியிருக்க வேண்டும்? "அக்கா, இந்த வாரம் மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறது?" என்று கேட்டேன். நள்ளிரவுக்குப் பிறகு என்றார். அத்தோடு விடை கிடைத்துவிட்டது. மேல்வீட்டில் மோட்டார் சுவிட்சைப் போட்டபடியே தூங்கிவிடுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடி, தொட்டி நிரம்பி, வழிந்த தண்ணீர் பின்பக்கத் தளத்தின் வெடிப்பில் இறங்கியிருக்கிறது. விடிவதற்குள் மின்சாரம் போய்விடும், மோட்டாரும் நின்றுவிடும், மேலே தளமும் காய்ந்துவிடும். பார்த்தவர் யாருமில்லை. ஒரு மிதவை வால்வு, வெடிப்பில் கொஞ்சம் சாந்து. சுவர் காய இரண்டு மாதம் ஆனது. இரண்டு குடும்பமும் மறுபடி பேசிக்கொள்ள அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆனது.

மழைக்காலத்தில் ஜன்னலைத் திறக்கலாமா? வெளியேதான் ஈரம் அதிகமாயிற்றே?

நியாயமான கேள்வி. ஆடி ஆவணியில் வெளிக்காற்றின் ஈரப்பதமே பெரும்பாலான நேரம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். 'வீட்டுக்குள் 60க்குக் கீழே வைத்திருங்கள்' என்ற குளிர்நாட்டு அறிவுரையை ஜூலை மாத ரங்கூனில் படித்தால் சிரிப்புதான் வரும். ஆனாலும் திறக்கத்தான் வேண்டும். சோறு வடிக்கிற ஆவி, குளிக்கிற ஆவி, கொடியில் தொங்கும் ஈர லுங்கி, ஐந்து பேரின் மூச்சு எல்லாம் சேர்ந்தால் அடைத்த வீட்டின் காற்று வெளிக்காற்றைவிட மோசமாகிவிடும். சாரல் அடிக்கும்போது சாத்துங்கள், மழை விட்டதும் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே நேரத்தில் திறங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே வந்து அங்கேயே நின்றுவிடும்.

நகர மையத்தில் நாம் குடியிருப்பவை பன்னிரண்டரை அடி அகலமும் ஐம்பது அடி நீளமுமாக ரயில்பெட்டி போன்ற வீடுகள். முன்னால் வராந்தா, பின்னால் சமையலறையும் குளியலறையும், நடுவே ஜன்னலே இல்லாத படுக்கையறை. பழைய கட்டடங்களில் தடுப்புச் சுவருக்கு மேலே மரச் சல்லடை வைத்திருப்பார்கள், காற்று அதன் வழியாகத் தெரு முனையிலிருந்து பின்சந்து வரை போகும். ஏசி போட வேண்டும் என்று அந்தச் சல்லடையைப் பிளைவுட்டால் அடைத்தது நாம்தான். அடைத்த மறு ஆண்டே நடு அறை கறுக்கும். பிளைவுட்டை எடுக்க மனமில்லை என்றால் மேலே ஓரடியாவது வெட்டித் திறந்து விடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து மூன்று விரல் நகர்த்துங்கள். துணியை அந்த அறைக்குள் காயப்போடவே கூடாது.

எப்படிச் சுத்தம் செய்வது?

மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் நீங்களே செய்யலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் வரம்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேல் என்றாலோ சாக்கடைத் தண்ணீர் பட்டிருந்தாலோ வேலை தெரிந்த ஆளை வையுங்கள்.

காய்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தால் தட்டுவதுதான் நான் பார்க்கிற பெரிய தவறு. தட்டினால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், குழந்தைகளை வெளியே அனுப்புங்கள், அறைக்கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து வையுங்கள். என்95 முகக்கவசம், ரப்பர்க் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. துணியால் மூக்கைக் கட்டினால் போதாது. முதலில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்துவிட்டு, பிறகு தேய்த்து, அழுக்குத் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். அந்தத் துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், அடுப்படித் துணியோடு சேர்க்க வேண்டாம். கடைசியில் சுவரை நன்றாக உலர்த்த வேண்டும். உலர்த்தாமல் விட்டால் தேய்த்தது வீண்.

ப்ளீச்சிங் போட்டால் போதாதா? வினிகர் நல்லது என்கிறார்களே?

டைல்ஸ், கண்ணாடி, பீங்கான் போன்ற வழவழப்பான பரப்பில் ப்ளீச் வேலை செய்யும். நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கோப்பைக்கு மேல் வேண்டாம். மரத்திலும் பூச்சுச் சுவரிலும் அது மேலே இருக்கும் கறுப்பை வெளுக்குமே தவிர உள்ளே இறங்காது. நிறம் போனதும் பூஞ்சணம் போய்விட்டது என்று நம்பிவிடுகிறோம், மூன்று வாரத்தில் அதே இடத்தில் திரும்பி வரும். வினிகர் சில வகைகளைக் கொல்லும், எல்லாவற்றையும் அல்ல. என் வேலையில் பாதிக்கு மேல் சோப்பும் தண்ணீரும் கைவலியும்தான்.

ஒன்றை மட்டும் உரக்கச் சொல்கிறேன். ப்ளீச்சையும் வினிகரையும் கலக்காதீர்கள். ப்ளீச்சையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் கலக்கவே கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா சேர்ந்த கண்ணாடித் துடைப்பானோடும் கூடாது. ஜன்னல் இல்லாத குளியலறையில் இது உயிரோடு விளையாடுவது. பூஞ்சணத்தின் விஷத்துக்கு அஞ்சி நாமே விஷம் காய்ச்சுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கக்கூடிய மிகப் பெரிய வேடிக்கை.

மேலே பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாமா?

மறைக்கலாம், ஒரு மழைக்காலத்துக்குக்கூடத் தாங்காது. ஈரச் சுவரில் எமல்ஷனோ பிளாஸ்டிக் சுவர்க்காகிதமோ ஒட்டினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, கொப்புளம் கட்டி உரியும். பூஞ்சணம் தடுக்கும் பெயிண்டும் காய்ந்த சுவரில்தான் பயன்படும்.

எனக்குப் பிடித்தது பழைய சுண்ணாம்புதான். நீற்றிய சுண்ணாம்பில் காரம் மிக அதிகம், புதிதாக அடித்த சுவரில் பூஞ்சணம் காலூன்ற முடியாது. சுவரும் மூச்சு விடும். காற்று பட்டுப் பட்டு அந்தக் காரம் குறைந்துவிடும், ஆகவே அவ்வப்போது திரும்ப அடிக்க வேண்டும். எமல்ஷன் மேல் சுண்ணாம்பு ஒட்டாது, பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே அடிக்க வேண்டும். நம் வீடுகளில் தைப்பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கும் வழக்கம் இருக்கிறதே, அது இந்த ஊருக்கென்றே ஏற்பட்டதுபோல் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் இங்கே மழை அநேகமாகக் கிடையாது. சுவர் முழுக்க உலர்ந்திருக்கும் காலம் அது. வெடிப்பு அடைப்பதும் மொட்டைமாடி பார்ப்பதும் தகரம் மாற்றுவதும் அப்போது நடக்க வேண்டும். ஜூலையில் என்னைக் கூப்பிட்டால் வாளியை எங்கே வைப்பது என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

எதை வைத்துக்கொள்ளலாம், எதை எறிய வேண்டும்?

கண்ணாடி, உலோகம், பீங்கான், நல்ல தேக்கு எல்லாம் கழுவி வெயிலில் காய வைத்தால் தப்பும். ஊறிய ஜிப்சம் பலகை, அட்டை, உப்பிய பிளைவுட் தப்பாது. இலவம்பஞ்சு மெத்தைக்குள் பூஞ்சணம் இறங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், மேலுறை மாற்றுவதால் பயனில்லை. துணிகளைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் போடலாம். பட்டுப்புடவைக்கு அது ஆகாது, வெயில் வரும் நாளில் நிழலில் விரித்து, மெல்லிய தூரிகையால் வெளியே வைத்துத் தட்டுங்கள்.

தாத்தா காலத்துப் புகைப்படங்களும் பழைய பத்திரங்களும் கறுத்துவிட்டால் ஈரத்தோடு துடைக்காதீர்கள், மை கலைந்துவிடும். காய விட்டு, பிறகு தூரிகை. முதல் வேலையாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கலாமா? ஏசி போதுமா?

மின்சாரம் ஒழுங்காக இருக்கிற வீட்டில், கதவு ஜன்னலைச் சாத்திய ஒரே அறையில் என்றால் இயந்திரம் நன்றாக வேலை செய்யும். நாளொன்றுக்குச் சில மணி நேரம்தான் மின்சாரம் என்றால் அந்தக் காசைக் கசிவு அடைப்பதற்குக் கொடுங்கள். பீரோவுக்குள் வைக்கக் கால்சியம் குளோரைடு டப்பா கடைகளில் கிடைக்கிறது. கீழே தண்ணீர் நிரம்பியதும் மாற்ற வேண்டும், குழந்தைகள் கை படக் கூடாது. ஓர் அறைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஏசி ஈரத்தை எடுக்கும், உண்மைதான். ஆனால் மிகக் குளிராக வைத்தால் அந்த அறைச் சுவரின் மறுபக்கம், வெப்பமான ஈரக்காற்று பட்டு, பனிக்கட்டி போட்ட சோடாக் குவளைபோல வியர்க்கும். 'ஏசி அறை நன்றாக இருக்கிறது, பக்கத்து அறை கறுக்கிறது' என்றால் காரணம் அதுதான். 26க்குக் கீழே போகாதீர்கள்.

வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டால்?

24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் உலர்த்தினால் பூஞ்சணத்தை முந்திக்கொள்ளலாம். தண்ணீர் வடிந்ததும் முதலில் மின்சாரத்தை அணைத்துவிட்டு, மெத்தையையும் பாயையும் அட்டைப்பெட்டிகளையும் வெளியே தள்ளுங்கள். சேற்றைக் கழுவிய பிறகு எல்லாக் கதவையும் திறந்து போடுங்கள். தடுப்புப் பலகை ஊறியிருந்தால் தண்ணீர் நின்ற கோட்டுக்கு ஓரடி மேலே வரை வெட்டி எடுத்துவிடுவது நல்லது, உள்ளே நின்ற ஈரம் வெளியே தெரியாது.

வாடகை வீடு. வீட்டுக்காரர் கவனிக்க மறுக்கிறார்.

இங்கிலாந்தில் ராச்டேல் குழந்தையின் மரணத்துக்குப் பிறகு, அரசு சார்ந்த வாடகை வீடுகளில் பூஞ்சணப் புகாரைக் குறித்த காலத்துக்குள் கவனித்தாக வேண்டும் என்று சட்டமே வந்தது. இங்கே நம் கையில் இருப்பது பேச்சுச் சாமர்த்தியம்தான். ஆறு மாதம், ஒரு வருட வாடகையை முன்கூட்டியே வாங்கிவிட்டவருக்கு உங்கள் சுவரைப் பற்றி அவசரம் இருக்காது. தேதியோடு படம் எடுத்து அனுப்புங்கள். பூஞ்சணம் என்று சொல்லாமல் 'தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கிறது' என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. கட்டடம் கெடுகிறது என்றால் சீக்கிரம் வருவார்.

புது வீடு பார்ப்பதானால் பிப்ரவரியில் பார்த்து ஏமாறாதீர்கள், முடிந்தால் மழையில் பாருங்கள். வேறு வழியில்லை என்றால் உள்ளே நுழைந்ததும் மூச்சை நன்றாக இழுத்து மோந்து பாருங்கள், பீரோ நின்ற இடத்தின் பின்சுவரைப் பாருங்கள். முழுச் சுவரும் பழையதாக இருக்க ஒரு மூலை மட்டும் பளிச்சென்று பெயிண்ட் அடித்திருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

சோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டுமா?

வேண்டாம். எந்த இனம் என்று தெரிந்தாலும் வைத்தியம் மாறாது. அந்தக் காசில் மிதவை வால்வு வாங்கலாம்.

கடலையில், மிளகாயில், அரிசியில் பூஞ்சணம் பிடித்தால்?

சுவரைப் பார்த்து நடுங்குகிறவர்கள் இதைச் சாதாரணமாக ஊதித் துடைத்துவிட்டுச் சமைப்பதைப் பார்த்திருக்கிறேன். நியாயமாக நடுங்க வேண்டியது இங்கேதான். நிலக்கடலை, சோளம், காய்ந்த மிளகாய் போன்றவற்றில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் அஃப்லடாக்சின் என்ற நச்சைச் சுரக்கிறது, அது கல்லீரல் புற்றுநோய்க்கு வழி செய்யும். 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சணக் கடலைப் பிண்ணாக்கு தின்ற வான்கோழிகள் ஓர் இலட்சத்துக்கு மேல் செத்தபோதுதான் அது கண்டுபிடிக்கப்பட்டது. வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. பர்மியச் சமையலில் கடலையும் கடலை எண்ணெயும் இல்லாத நாளே கிடையாது. மழைக்காலத்தில் மூட்டையாக வாங்கி வைக்காதீர்கள், சிறிது சிறிதாக வாங்கி இறுக்கமான டப்பாவில் போடுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். வாயில் போட்ட பிறகு கசந்தாலும் துப்பிவிடுங்கள், பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை.